வெளியீட்டுக் குறிப்பு 1.0.1

தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனி மாடியறையில்
கம்ப்ரசர் உறுமும்போதெல்லாம் மேசை நடுங்கும்.
அங்கேதான் எழுதினேன்
தமிழ்ப் பெயர்களை ஒழுங்காக்கும்
நானூற்றுப் பதினேழு வரி நூலகம்.
நூலகம் என்றால் அலமாரி இல்லை.
ஊர்பேர் தெரியாத நிரல்கள் வந்து
இரவல் வாங்கிப் போகும் நிரல்.
திருப்பித் தர வேண்டாம்.

பெயர் சோளகம்.
தொடங்கிய இரவில் அடித்த காற்று அதுதான்.

0.9.1
0.9.2
0.9.2-இல் விட்டதைப் பிடிக்க 0.9.3.
ஒன்பது மாதமாகியும்
ஒன்று என்று சொல்ல வாய் வரவில்லை.

பிழை இது:
தொம்மை என்பதில் முதலெழுத்தை
கொம்பு தனி, கால் தனியாகவும் சேமிக்கலாம்,
இரண்டும் ஒட்டிய ஒரே குறியாகவும் சேமிக்கலாம்.
திரையில் ஒரே தொம்மை.
உள்ளே எண்கள் வேறு.
பகல் கணக்கு எழுதும் பிரகாசிக்கு ஒரு விசைப்பலகை,
இரவு எழுதும் கித்தேரியானுக்கு இன்னொன்று.
பதிவேட்டில் தொம்மை இரண்டு தடவை.
ஒரு தொம்மைக்குப் பதினாலு பார் ஐஸ் பாக்கி.
இன்னொரு தொம்மை
மூவாயிரம் ரூபாய் முன்பணம் கட்டியிருந்தார்.

எஸ்தோனியாவிலிருந்து யாரோ இரண்டு வரி அனுப்பினார்.
தமிழில் ஓரெழுத்து தெரியாது அவருக்கு,
கொம்பும் காலும் சேர்ந்தால் ஒன்று
என்பது மட்டும் தெரியும்.

கீழக்கரையில் ஹஃபீலா சோதித்தாள்,
அக்கா கல்யாணத்துக்கு அழைத்த அறுநூறு பெயர்களை ஓட்டி.
ஒன்றும் உடையவில்லை என்றாள்.
'ஆனா எங்க பட்டியல்ல நெய்னா மட்டும் நாப்பத்தோரு பேரு,
பாத்துக்கோ.'
சிரிப்புப் பொம்மை ஒன்று அனுப்பிவிட்டு
அந்த வரியைத் தாண்டிப் போனேன்.

பாம்பன் பாலத்தில் கடைசி ரயில் ஊர்கிற நேரம்
1.0 என்று குறியிட்டுத் தள்ளினேன்.
தள்ளுவது என்றுதான் எங்கள் தொழிலிலும் சொல்.
வள்ளம் என்றால் ஆறு பேர் வேண்டும்,
இதற்கு ஒரு விரல்.
விடிவதற்குள் முந்நூறு பேர் இறக்கிக்கொண்டார்கள்.
எங்கே இருக்கிறார்கள், எதற்கு வேண்டும்,
ஒருவரும் சொல்வதில்லை.
பிரகாசியும் இறக்கினாள்.

ஆறரைக்குப் படியேறி வந்தார்
அக்காள்மடத்துத் தொம்மை.
சாரம் நனைந்து சொட்ட, கையில் பில்.
'என் மூவாயிரம் எங்க?'
அவர் முடிப்பதற்குள் கீழே ஒருவர் சிரிக்கும் சத்தம்.
தங்கச்சிமடத்துத் தொம்மை.
'பாக்கி பாதிக்கு மேல கழிஞ்சிருச்சாமே,
மாதா புண்ணியம்!'

ஒருவர் எப்போதும் பகலில் வருபவர்.
ஒருவர் இரவில்.
இரண்டு வருடமாக இவர்களைப் பிரித்து
கணக்கைக் காப்பாற்றி வந்தது
நான் ஒன்பது மாதம் துரத்திய பிழை.

உரிமத்தின் கடைசிப் பத்தியைக் காட்டினேன்:
உள்ளது உள்ளபடியே,
எவ்வித உத்தரவாதமும் இன்றி.
அக்காள்மடத்துத் தொம்மை
எழுத்துக் கூட்டி முழுசாக வாசித்தார்.
'இத கடல்லதான் எழுதி ஒட்டணும்' என்றார்.
பிறகு மறுபடியும் மூவாயிரம் கேட்டார்.

மதியத்துக்குள் 1.0.1.
நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை,
சோளகத்தின் மேல் குற்றமில்லை.
குறிப்பு மட்டும் புதிது:
எழுத்து ஒன்றானால் ஆள் ஒன்றல்ல.
பெயரை மட்டும் வைத்து யாரையும் தேடாதீர்கள்.
படகு எண்ணையும் கேளுங்கள்.

பிரகாசி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.
'தொம்மைன்னாலே ரெட்டப்புள்ளன்னுதான் அர்த்தம்,
ஞானோபதேசத்துல சொல்லுவாங்க.
கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்ல.'

எஸ்தோனியாக்காரர் கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறார்.
எதற்கென்று விளங்கவில்லை.
கித்தேரியான்
இன்னும் 0.9.3-இல்தான் எழுதுகிறான்,
புதுசு வேண்டாமாம்.
பதினாலு பாருக்குப் பணம் வரவில்லை.